கோட்டைக்குப் புறத்தே ஒரு சந்தை



மாளிகாவத்தையிலே வாழும் ஒருவர் வீட்டுக்கு வெளிநாட்டிலிருந்து விருந்தினர் ஒருவர் வந்தாரென வைத்துக்கொள்வோம். இங்கே பார்க்கத்தக்கது யாதென அவர் வினவுவார். வீட்டுப் பிள்ளைகள் உடனே கெத்தாராம விளையாட்டரங்கைச் சொல்வர். 1997ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்திலே இலங்கை அணி இந்தியாவுக்கெதிராக ஆறு விக்கெட்டுகளை மட்டும் இழந்து 952 ஓட்டங்களைக் குவித்த மைதானம் அது. டெஸ்ட் ஆட்டத்தில் அத்தொகையை விஞ்சியவர் இன்றுவரை இலர். பெரியோர் காலிமுகத்திடலையும் கொள்ளுப்பிட்டியையும் சொல்வர். பஞ்சிகாவத்தையின் மோட்டார் உதிரிப்பாகக் கடைகளைக் கடந்து நடந்தால் சிறிது நேரத்திற் சென்றடையக்கூடிய புறக்கோட்டையைப் பற்றி ஒருவரும் வாய் திறவார். அது சாமான் வாங்கப் போகும் இடமன்றோ, அங்கே காண்பதற்கு என்ன இருக்கிறது என்பதே நம் எண்ணம்.

இவ்வெண்ணம் சரியானதுதானா என்பதைச் சற்று ஆராய்வோம். அதன்பொருட்டு நாம் முதலில் இங்கிலாந்துக்குப் போய் வர வேண்டியிருக்கிறது.

ஆங்கில நாட்டிலே 'சந்தை நகரம்' என ஒருவகை ஊர்கள் உண்டு. சந்தை கூட்டுவதற்கு அரசனது பட்டயத்தைப் பெற்ற ஊர்கள் அவை. நினைத்தவர் நினைத்த இடத்தில் சந்தை கூட்டிவிட முடியாது. ஒரு சந்தைக்கு ஆறு மைலுக்கும் மேலே ஒரு மைலின் மூன்றில் இரண்டு பங்கு தூரத்துக்குள் மற்றொரு சந்தை எழுந்தால் அது முதற் சந்தைக்கு இடையூறாகக் கருதப்படும் என்று பதின்மூன்றாம் நூற்றாண்டில் பிராக்டன் என்ற சட்ட அறிஞரின் பெயரால் வழங்கிய நூல் விதித்தது. இக்கணக்கு எப்படி வந்தது? ஒருவன் ஒரு பகலில் நடக்கக்கூடிய தூரம் இருபது மைல். பகலை மூன்றாகப் பகுத்து, ஒரு பங்கிலே சந்தைக்குப் போய், ஒரு பங்கிலே விற்று வாங்கி, ஒரு பங்கிலே இருட்டுமுன் வீடு திரும்ப வேண்டும். ஆகவே சந்தையின் எல்லையை அளந்த கோல் மனிதனுடைய கால்தான். இச்செய்தியை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்வார்களாக. பின்னர் இதனிடம் மீண்டும் வருவோம்.

அத்தகைய ஊர்களுள் வேல்ஸ் எல்லைக்கருகே உள்ள லட்லோ என்பதும் ஒன்று. நோர்மானியர் எழுப்பிய கோட்டை அங்கே இருக்கிறது. அதன் வாசலுக்கு நேர் எதிரே உள்ள சதுக்கத்திலேதான் சந்தை. சற்றுத் தூரத்தில், 1740களிலே கட்டப்பட்ட 'வெண்ணெய்ச் சிலுவை' என்னும் மண்டபம். கீழே தூண்களுக்கிடையே வெண்ணெய் விற்றார்கள், மேலே ஊர்க் கருமங்கள் நடந்தன. இன்று அம்மண்டபத்திலே ஒரு சிறு நூதனசாலை உண்டு. உல்லாசப் பயணிகள் பெருந்தொகையாக அவ்வூருக்குப் போகிறார்கள். கோட்டையைக் கண்டு, மண்டபத்தைக் கண்டு, அதே கையோடு சந்தையில் பாற்கட்டியும் பழமும் வாங்குகிறார்கள். அவர்களுக்கு அவை மூன்றும் ஒரே காட்சி.

இப்போது நம்மூருக்கு வருவோம். கோட்டைக்கு வெளியே அமைந்த வணிகக் குடியிருப்பைத் தமிழிலே பேட்டை என்போம். அச்சொல்லையே ஆங்கிலேயர் எடுத்து 'பெட்டா' ஆக்கினர். சிங்களத்திற் 'பிட்டகொட்டுவ' என்றாலும் தமிழிற் 'புறக்கோட்டை' என்றாலும் பொருள் ஒன்றே. கோட்டையின் மதில்கள் 1870ஆம் ஆண்டை ஒட்டி இடிக்கப்பட்டுவிட்டன. மதில் போன பின்னும் அதற்கு வெளியே இருந்த ஊர் தன் பெயரை விடாமல் வைத்துக்கொண்டிருக்கிறது!

ஆயினும் புறக்கோட்டை தொடக்கத்திலேயே இன்றுபோல் முழுதும் கடைவீதியாக இருந்ததென எண்ணலாகாது. 1656இல் போர்த்துக்கேயரிடமிருந்து கொழும்பைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் அதனைத் தம் குடியிருப்பாகவே வைத்திருந்தனர். பிறின்ஸ் வீதியிலே உயர்ந்த தூண்களும் உள்முற்றமுமாக நிற்கும் மாளிகை அதற்குச் சான்று. 1692 முதல் 1697 வரை ஆளுநராயிருந்த தோமஸ் வான் றீ தமக்கென அமைத்த வீடு அது. பின்னர் அது சமயப் போதகர்களையும் ஆசிரியர்களையும் பயிற்றும் கல்விச்சாலையாயிற்று. ஆங்கிலேயர் காலத்தில் மருத்துவமனையாயிற்று. நம் காலத்துப் பெரியோர்க்கு அது தபாற்கந்தோராகவே நினைவிருக்கும். 1982இல் ஒல்லாந்தர் கால நூதனசாலையாயிற்று. ஒரு கட்டிடம் இத்தனை வேலை பார்த்ததனாலேயே பிழைத்தது என்பது என் துணிபு. வேலையற்றுக் கிடந்திருந்தால் அந்த நிலத்தின் விலைக்கு எப்போதோ அதனை இடித்திருப்பார்கள்.

பிரதான வீதி வழியே கிழக்கே சென்றால் 'கெய்மன்ஸ் கேட்' வரும். கெய்மன் என்பது ஒல்லாந்தர் முதலைக்கு வழங்கிய பெயர். நகரைச் சூழ்ந்த நீரிலே முதலைகள் கிடந்தனவாம். அங்கே தனித்து நிற்கும் மணிக்கூண்டின் மணி, கோட்டையிலிருந்த, அதாவது பழைய அரசின் தலைநகராகிய சிறீ ஜயவர்த்தனபுரக் கோட்டையிலிருந்த, போர்த்துக்கேயரின் தேவாலயத்துக்குரியது என்பது மரபுச் செய்தி. லட்லோவின் வெண்ணெய் மண்டபத்துக்கு நேரான நம் கட்டிடமும் அருகிலேயே இருக்கிறது. 1873இல் எழுந்த பழைய நகர மண்டபம் அது. கொழும்பு நூதனசாலையைக் கட்டிய சிமிதரே அதனையும் வரைந்தவர். 1928இல் மாநகர சபை கறுவாத்தோட்டத்துப் புதிய மண்டபத்துக்குப் போய்விட்டது. பழைய மண்டபத்தின் மேல்மாடியிலே, நீண்ட மேசையைச் சுற்றிக் கோட்டும் சூட்டும் அணிந்த பொம்மை உறுப்பினர்கள் சபை கூடியிருக்கும் பாவனையில் வீற்றிருக்கின்றனர். ஒருவரும் பேசுவதில்லை, ஒருவரும் வெளிநடப்புச் செய்வதுமில்லை.

இனிக் குறுக்குத் தெருக்களைப் பார்ப்போம். ஒரு தெருவுக்கு ஒரு தொழில் என்பது பழைய சந்தைகளின் இலக்கணம். மின்சாரப் பொருளுக்கு முதலாம் குறுக்குத்தெரு, அரிசி சீனி வெங்காயத்தின் மொத்த வியாபாரத்துக்கு நாலாம் குறுக்குத்தெரு, சீலைத்துணிக்குக் கெய்சர் வீதி, சுக்கு திப்பிலி முதலாய மருந்துச் சரக்குக்குக் காபோஸ் ஒழுங்கை, தங்கத்துக்குச் செட்டியார் தெரு. செட்டியார் தெருவின் கதிரேசன் கோயில்களிலிருந்தே ஆடிவேல் இரதம் பம்பலப்பிட்டிக்கும் வெள்ளவத்தைக்கும் புறப்படும். 1983 ஜூலையிலே புறக்கோட்டையின் தமிழர் கடைகள் பல தீக்கிரையானதையும் சொல்லாமல் விடலாகாது. எரிந்த இடங்களிலே மீண்டும் கடை திறந்தவர்களின் துணிவும் இவ்வூர் வரலாற்றைச் சேர்ந்ததே.

இரண்டாம் குறுக்குத்தெருவிலே செங்கல் நிறமும் வெண்ணிறமும் மாறிமாறி அடுக்கியதுபோல் எழும் பள்ளிவாசலை, 1908ஆம் 1909ஆம் ஆண்டுகளில், இந்தியாவிலிருந்து வந்த முஸ்லிம் வணிகர்கள் தம் ஐவேளைத் தொழுகைக்காகக் கட்டினர். சம்மாங்கோட்டார் பள்ளிவாசல் என்பது அதன் வழக்குப் பெயர். கடைக்கருகே தொழ ஓர் இடம் வேண்டும் என்பதே அதன் தோற்றத்துக்குக் காரணம். இன்று வெளிநாட்டார் நிழற்படம் எடுக்கும் காட்சிகளுள் அதுவே முதலாவது. மேட்டிலே நிற்கும் வுல்வெண்டால் ஆலயத்தின் கதை வேறு. 1749இல் அடிக்கல் நாட்டி, 1757இல் ஒல்லாந்தர் அதனைத் திறந்தனர். வுல்வெண்டால் என்றால் ஓநாய்ப் பள்ளத்தாக்கு. இலங்கையில் ஓநாய் ஏது? குவாதலூப்பே அன்னையின் பெயரால் போர்த்துக்கேயருக்கு அங்கே ஒரு சிற்றாலயம் இருந்ததென்றும், அப்பெயர் திரிந்து ஓநாயாயிற்றென்றும் கூறுவர். மொழிகள் ஒன்றையொன்று தவறாகக் கேட்டதனாற் பிறந்த பிராணி அது.

இத்தெருக்களை இயக்குபவர் யார்? நாட்டாமிகள். தமிழகத்திலே நாட்டாமை என்றால் ஊர்த் தலைவர். புறக்கோட்டையிலோ அச்சொல் மூட்டை சுமப்பவரைக் குறிக்கிறது. சொல்லின் தலையிலும் யாரோ மூட்டையை ஏற்றிவிட்டார்கள் போலும். கைவண்டியிலே பத்துப் பன்னிரண்டு மூட்டைகளை அடுக்கி, "வழி, வழி" என்று கூவிக்கொண்டு, லொறிக்கும் நடைபாதை வியாபாரிக்கும் இடையே நூல் கோத்தாற்போல் நுழைந்து செல்லும் அவர்களது திறமையைக் கண்டு வியவாத விருந்தினர் இல்லை.

இங்கேதான் முன்பு சொன்ன ஆறு மைல் கணக்கு நமக்கு வேண்டியிருக்கிறது. 1918 முதல் 1925 வரை ஆளுநராயிருந்த மானிங் பெயரைத் தாங்கிய மரக்கறிச் சந்தை, 2020ஆம் ஆண்டு நவம்பரில், களனி கங்கைக்கு அப்பால் பேலியகொடையிலே கட்டப்பட்ட புதிய தொகுதிக்கு மாற்றப்பட்டது. மாற்றியதற்கு நியாயம் இல்லாமற் போகவில்லை. நள்ளிரவில் வரும் லொறிகளால் வீதி அடைபட்டது. அழுகிய இலையும் தழையும் மலைபோற் குவிந்தன. மழை பெய்தால் நடக்கவொண்ணாது. புதிய இடத்தில் லொறி நிறுத்த இடம் உண்டு, கூரையும் உண்டு. பிராக்டனுடைய கணக்கின்படி பார்த்தாலும் அது தொலைவன்று.

ஆனால் அக்கணக்கு, விற்று வாங்கிப் போகிறவனுக்குச் செய்யப்பட்ட கணக்கு. பின்னிரவில் மாளிகாவத்தையிலிருந்தோ மருதானையிலிருந்தோ நடந்து வந்து முதல் லொறியைப் பிடிக்க வேண்டிய நாட்டாமிக்குக் கங்கை ஒரு பெரிய எல்லை. அந்நேரத்தில் பஸ் கிடைப்பது அரிது. முச்சக்கர வண்டிக்குக் கொடுத்தால் முதல் மூட்டைகளின் கூலி அதற்கே போய்விடும். சாக்கு விற்பவர், கயிறு விற்பவர், விடியுமுன் தேநீரும் பாணும் விற்கும் பெண்கள் ஆகியோரும் சந்தையின் காலடியில் வாழ்ந்தவர்கள். அவர்களைச் சேர்த்துக் கணக்கிடாத திட்டம் அரைக் கணக்கேயாகும்.

மறுபுறத்தில், பயணிகளைக் கவர்வதற்கென்றே ஒரு சந்தையை அமைத்தும் பார்த்தோம். 2014இல் புறக்கோட்டையின் நீரோரத்திலே திறக்கப்பட்ட மிதக்கும் சந்தை அது. இடம் அழகானது, மரப்பலகை நடைபாதை, நீர்மேல் கடைகள். தொடக்கத்தில் மக்கள் திரண்டனர்; பின்னர்க் கூட்டம் குறைந்து கடைகள் பல மூடிக் கிடந்தன. வாங்கவேண்டிய தேவையோடு அங்கே போனவர் சிலரே. நாலாம் குறுக்குத்தெருவுக்கோ அழகும் இல்லை, நடைபாதையும் இல்லை. ஆயினும் நிற்க இடமின்றி நிறைந்திருக்கிறது. எனவே இனி எந்த வியாபாரத்தையேனும் புறக்கோட்டையிலிருந்து பெயர்க்க எண்ணுவோர், லொறிகளை எண்ணுவதோடு, அதிகாலையில் அங்கே நடந்து வருவோரையும் ஒருநாள் நின்று எண்ணிப் பார்த்தல் நன்று.

விருந்தினரை அழைத்துச் செல்ல விரும்பும் நேயர்கள் காலை எட்டு மணியளவிற் புறப்படலாம். பௌர்ணமி விடுமுறை நாட்களைத் தவிர்த்துக்கொள்க, கடைகள் அடைத்திருக்கும். முதலில் வுல்வெண்டால் மேட்டுக்கு ஏறி, அங்கிருந்து கெய்மன் மணிக்கூண்டு, நகர மண்டபம், பள்ளிவாசல் என இறங்கி வந்தால், பார்சிக் குடும்பத்தார் 1923இல் தம் தந்தையார் நினைவாக எழுப்பிய கான் மணிக்கூட்டுக் கோபுரத்தருகே வழி முடியும். குடையைக் கையிலே வைத்திருங்கள். ஆனால் குறுக்குத்தெருவில் விரிக்க வேண்டாம். பின்னாலே "வழி" என்ற குரல் கேட்டால் திரும்பிப் பாராமல் உடனே சுவரோரம் ஒதுங்கிவிடுங்கள்.