மெனுவில் ஒரு கறுப்பு முக்கோணம்

நியூயார்க் நகரின் பெரிய செயின் உணவகங்களில் சில உணவுகளின் பெயருக்குப் பக்கத்தில் ஒரு கறுப்பு முக்கோணமும் அதற்குள் வெள்ளை உப்புக் குப்பியும் அச்சாகியிருக்கும். அந்த ஒரு உணவிலேயே 2,300 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல் சோடியம் இருக்கிறது என்பதற்கான எச்சரிக்கை அது.

அமெரிக்க உணவு வழிகாட்டுதல்படி, பெரியவர் ஒருவருக்கு நாள் முழுவதற்குமான உச்சவரம்பே 2,300 மி.கி.தான். சமையல் உப்பில் சோடியம் சுமார் 40 சதவீதம். ஆகவே இது ஏறக்குறைய ஒரு தேக்கரண்டி உப்பு. உலக சுகாதார அமைப்பு இன்னும் கறாராக, 2,000 மி.கி.க்குள் நிறுத்தச் சொல்கிறது.

சோடியம் மிகுந்தால் உடல் நீரைத் தேக்கிக்கொள்கிறது. ரத்தத்தின் கனஅளவு கூடி, அழுத்தம் ஏறுகிறது. நாளடைவில் மாரடைப்பு, பக்கவாதம் வரும் அபாயமும் கூடுகிறது. அமெரிக்கர்கள் உட்கொள்ளும் சோடியத்தில் 70 சதவீதத்துக்கு மேல் பதப்படுத்திய உணவுகளிலிருந்தும் உணவகங்களிலிருந்துமே வருகிறது. சாண்ட்விச் ஒன்றில் ரொட்டி, சீஸ், பதப்படுத்திய இறைச்சி, சாஸ் என்று ஒவ்வொன்றிலும் உப்பு உண்டு. நாக்குக்குக் கரிக்காது, கணக்கில் மட்டும் ஏறும்.

நியூயார்க் நகரின் சுகாதார வாரியம் 2015 செப்டம்பரில் இந்த முக்கோண எச்சரிக்கையைக் கட்டாயமாக்கும் விதியைக் கொண்டுவந்தது; டிசம்பர் 1 முதல் நடைமுறை. நாடு முழுவதும் 15 அல்லது அதற்கு மேல் கிளைகள் உள்ள செயின்களுக்கே இது பொருந்தும். மீறினால் 200 டாலர் அபராதம். தேசிய உணவகச் சங்கம் வழக்குத் தொடுத்தது. 2016-லும், மேல்முறையீட்டில் 2017-லும் நீதிமன்றங்கள் விதி செல்லும் என்றன. பிலடெல்பியாவும் 2019-இல் இதேபோன்ற விதியை அமல்படுத்தியது.

விதி எந்த உணவையும் தடை செய்யவில்லை, உப்பைக் குறைக்கச் சொல்லவும் இல்லை. தகவலைச் சொல்லிவிட்டு முடிவை வாடிக்கையாளரிடம் விடுகிறது.

இதில் ஒரு பெரிய ஓட்டையும் இருக்கிறது. 2,200 மி.கி. உள்ள உணவுக்கு முக்கோணம் கிடையாது. அதோடு ஒரு சூப்பும் சேர்த்தால் வரம்பு தாண்டிவிடும், மெனு எச்சரிக்காது. தெருமுனைச் சிறுகடைகளுக்கோ விதியே இல்லை.

எனவே முக்கோணம் இருந்தால் பகிர்ந்து உண்ணுங்கள், அல்லது வேறு உணவைக் கேளுங்கள். இல்லாவிட்டால், உப்பு குறைவு என்று மட்டும் நம்பிவிடாதீர்கள்.