ஹவுளின் படி ஏன் மேலே தெரிகிறது?

எங்கள் மஹல்லா பள்ளிவாசல் ஹவுளில் ஒளூச் செய்துகொண்டிருந்த மக்தப் மாணவன் ஒருவன், தண்ணீருக்குள் தெரிந்த படியைத் தொடக் கையை நீட்டினான். எட்டவில்லை. "ஹஸ்ரத், படி கிட்டத்தானே தெரியுது, ஏன் கை எட்ட மாட்டேங்குது?" என்று கேட்டான். ஏழு வயதுதான் இருக்கும். "ஒளூச் செய்யும்போது பேசக் கூடாது" என்று அதட்டிவிட்டேன். அதபு சொல்லிக்கொடுத்ததாக எனக்கு நினைப்பு. உண்மை என்னவென்றால், அவனுக்குப் புரியும்படி பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. மதரஸாவுக்கு வெளியே நான் படித்தது வரலாறு. அதற்குப் பிறகு அந்தப் பிள்ளை என்னிடம் எதுவும் கேட்கவில்லை.

அந்தக் கேள்வியில் உயிர் சம்பந்தப்பட்ட விஷயமும் இருக்கிறது என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது. தண்ணீருக்குள் இருக்கும் பொருள் உள்ள இடத்தைவிட மேலே தெரியும். நேர் மேலிருந்து பார்த்தால் 4 அடி ஆழம் 3 அடி போலத் தோன்றும். கரையில் நின்று சாய்வாகப் பார்த்தால் இன்னும் குறைவாகத் தோன்றும். கோடை விடுமுறையில் குளத்திலும் கிணற்றிலும் இறங்குகிற பிள்ளைக்கு இது தெரிந்திருக்க வேண்டாமா?

வீட்டிலேயே காட்டலாம். சில்வர் கிண்ணத்தின் அடியில் ஒரு ரூபாய் நாணயத்தைத் துளி மெழுகால் ஒட்டுங்கள். பிள்ளையை அதைப் பார்த்தபடியே பின்னால் நகரச் சொல்லுங்கள். கிண்ணத்தின் விளிம்பு மறைத்து, நாணயம் கண்ணுக்குத் தப்புகிற இடத்தில் அசையாமல் நிற்கட்டும். இப்போது மெதுவாகத் தண்ணீர் ஊற்றினால் நாணயம் எழும்பி வந்ததுபோல் தெரியும். தண்ணீரிலிருந்து காற்றுக்கு வரும்போது ஒளி திசை மாறுகிறது. கண்ணோ அது நேராகவே வந்ததாக எடுத்துக்கொள்கிறது. இந்தக் காரணத்தை முதலிலேயே சொல்லிவிடாதீர்கள். "நீ என்ன நினைக்கிறே?" என்று கேளுங்கள். தப்பாகச் சொன்னால் சொல்லட்டும்.

கண்ணிலிருந்து கதிர் புறப்பட்டுப் போய்ப் பொருளைத் தொடுவதால்தான் பார்க்கிறோம் என்று கிரேக்க அறிஞர்கள் சிலர் சொல்லியிருந்தார்கள். அப்படியல்ல, ஒளிதான் பொருளிலிருந்து கண்ணுக்கு வருகிறது என்று விளக்கியவர் இப்னுல் ஹைஸம். கி.பி. 965 வாக்கில் பஸராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்தவர். அவருடைய 'கிதாபுல் மனாழிர்' 7 பாகங்கள் கொண்டது. மேடைக்கு மேடை அவர் பெயரைச் சொல்லிப் பெருமைப்படுகிறோம் (நானும் பயான்களில் சொல்லியிருக்கிறேன்). அவர் செய்த சோதனை ஒன்றையாவது நம் வீட்டில் செய்து பார்த்தோமா?

ஒரு துளைக்கு எதிரே பல விளக்குகளை வெவ்வேறு இடங்களில் வைத்துப் பார்த்தார் அவர். மறுபக்கத்து இருட்டுச் சுவரில் விளக்குக்கு ஒன்றாக ஒளிப் பொட்டுகள் விழுந்தன. ஒரு விளக்கை மறைத்தால் அதற்குரிய பொட்டு மட்டும் மறைந்தது.

இஷாவுக்குப் பிறகு அறை விளக்கை அணைத்துவிட்டு இதைச் செய்யலாம். பெரிய அட்டையொன்றில் பென்சில் நுழையும் அளவுக்குத் துளை போட்டு, சுவருக்கு முன்னால் இரண்டடி தள்ளி நிறுத்துங்கள். அட்டைக்குப் பின்னால் இன்னும் இரண்டடி தள்ளி, இரண்டு கைபேசிகளின் டார்ச்சை ஒரு சாண் இடைவெளியில் எரியவிடுங்கள். ஒன்றின் மேல் சிவப்புக் கண்ணாடித்தாள், மற்றதன் மேல் பச்சை. சுவரில் இரண்டு பொட்டுகள் தனித்தனியாக விழும், அதுவும் இடம் மாறி. இடப்பக்கத்துச் சிவப்பு வலப்பக்கம் விழும். ஒரே துளைக்குள் புகுந்தும் இரண்டு நிறமும் கலந்துவிடவில்லை! ஒளி நேர்கோட்டில் செல்கிறது என்பதற்கு இதைவிட எளிய பாடம் எனக்குத் தெரியாது.

அப்புறம் அட்டையை எடுத்துவிடுங்கள். இரண்டு வெளிச்சமும் ஒன்றாக விழும் இடத்தில் சுவர் மஞ்சளாகத் தெரியும். சிவப்பு வண்ணத்தையும் பச்சை வண்ணத்தையும் குழைத்துப் பார்த்த பிள்ளை, அழுக்குப் பழுப்புதானே வரும் என்று சண்டைக்கு வருவான். வரட்டும். வண்ணப்பொடி ஒளியை விழுங்குகிறது, அதனால் இருட்டாகிறது. இங்கே ஒளியோடு ஒளி சேர்கிறது.

அஸருக்குப் பிறகு, சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்று, தோட்டக் குழாயின் முனையை விரலால் அழுத்தித் தண்ணீரைத் தூவினால் வானவில் வரும். 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாரசீகத்தின் கமாலுத்தீன் அல்ஃபாரிஸீ, தண்ணீர் நிரப்பிய கண்ணாடி உருண்டையைப் பெரிய மழைத்துளியாக எடுத்துக்கொண்டு இதை ஆராய்ந்தார். ஒளி துளிக்குள் நுழையும்போது திசை மாறுகிறது, உள்ளே பட்டுத் திரும்புகிறது, வெளியேறும்போது மறுபடி திசை மாறுகிறது. சூரியன் 42 டிகிரிக்கு மேல் ஏறிவிட்டால் தரையில் நிற்பவருக்கு வானத்தில் வில் தெரியாது. லுஹர் நேரத்தில் நாம் பெரும்பாலும் வானவில்லைப் பார்க்காததற்குக் காரணம் இதுதான்.

கண்ணாடி டம்ளர் தண்ணீரில் சில சொட்டுப் பால் விட்டு டார்ச் அடித்தால், பக்கவாட்டில் நீலச் சாயலும் எதிர்ப்புறத்தில் செம்மஞ்சளும் தெரியும். மஃரிப் வேளையின் செம்மையும் இதே வழியில்தான் வருகிறது. அந்தச் செம்மை மறைந்தால் மஃரிப் நேரம் முடிகிறதா, அதன் பின் வரும் வெண்மையும் மறைய வேண்டுமா என்பதில் ஷாஃபிஈ, ஹனஃபி இமாம்களின் கருத்து வேறுபாட்டை மூத்த பிள்ளைகளுக்கு அப்போதே சொல்லிக்கொடுக்கலாம்.

எந்தச் சோதனையிலும் சூரியனை நேராகப் பார்க்க விடாதீர்கள். லேசர் பொம்மை வேண்டவே வேண்டாம்.

அந்தப் பையனை மக்தப் முடிந்ததும் கூப்பிட்டு, கிண்ணத்தை முன்னால் வைத்தேன். நாணயம் எழும்பியதும் சிரித்தான். கொஞ்ச நேரம் ஹவுளையே பார்த்துவிட்டு, "அப்ப உள்ளே இருக்கிற மீனுக்கு நாம எப்படித் தெரிவோம், ஹஸ்ரத்?" என்றான். இருப்பதைவிடத் தள்ளித் தெரிவோம். அதை நான் சொல்லவில்லை. யோசித்து நாளைக்கு வந்து சொல் என்று அனுப்பினேன்.