உங்களுக்குத் தெரியுமா? உரமாகக் கரைந்த தீவு

பசிபிக் பெருங்கடலில் நவுரு என்றொரு குட்டி நாடு. மொத்தப் பரப்பே 21 சதுர கிலோமீட்டர்தான். அதன் மண்ணுக்கடியில் இருந்த, உரமாகப் பயன்படும் பாஸ்பேட்டை 1907 முதல் அந்நியர்கள் வெட்டிக் கப்பலேற்றினார்கள். ஆஸ்திரேலிய, நியூசிலாந்து வயல்கள் அந்த உரத்தில் செழித்தன.

1968-இல் நவுரு விடுதலை பெற்றது. சுரங்க வருமானம் கொட்டியது. ஒரு காலத்தில் தனிநபர் வருமானத்தில் உலகின் முன்வரிசையில் நின்றது. மெல்போர்னில் 52 மாடிக் கட்டடமே எழுப்பினார்கள். பாஸ்பேட் வற்றியது, பணமும் கரைந்தது, கட்டடம் 2004-இல் கைமாறியது.

மிஞ்சியது என்ன? தீவின் நடுப்பகுதிக்குப் போனால் மேல்மண்ணே இல்லை. ஆளுயரத்தையும் தாண்டி, பல் பல்லாக நிற்கும் சாம்பல்நிறச் சுண்ணாம்புப் பாறைகள். நிலத்தில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு இப்படிப் பாழ். உழ முடியாது, வீடு கட்ட முடியாது. உணவில் பெரும்பகுதி கப்பலில்தான் வருகிறது.

சேதத்துக்கு நீதி கேட்டு, விடுதலைக்கு முன் தீவை நிர்வகித்த ஆஸ்திரேலியா மீது நவுரு 1989-இல் பன்னாட்டு நீதிமன்றம் போனது. 1993-இல் இழப்பீட்டுடன் சமரசமானது. ஆனால், போன மண் திரும்பவில்லை. மக்கள் கரையோரக் கீற்றில் நெருக்கியடித்து வாழ்கிறார்கள். இப்போது கடல்மட்டம் ஏறுகிறது. ஒதுங்குவதற்கு இருக்கும் மேட்டுநிலமோ, தோண்டிப் போட்ட அந்தப் பாறைக்காடுதான்.