ஓடருக்கு அல்லாத கேக்

வீட்டில் செய்த கேக்கை வெட்டி ஒரு துண்டைத் தட்டில் வைத்து நீட்டிப் பாருங்கள். வெள்ளவத்தையானாலும் கொட்டாஞ்சேனையானாலும், சாப்பிடுபவர் இரண்டாவது கடி கடிப்பதற்குள் கேட்டுவிடுவார்: "நீங்க ஓடர் எடுக்கிறீங்களா?"

கேட்பவர் பாராட்டாகத்தான் கேட்கிறார். கொழும்பில் அதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது என்றும் சொல்லலாம். ஆனாலும் அந்தக் கேள்வி என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. ஒரு பெண்ணின் கைவேலை நன்றாக வருகிறதென்றால் அது உடனே காசாக வேண்டும், இல்லாவிட்டால் அந்த நேரம் வீண் என்ற எண்ணம் அதற்குள் இருக்கிறது. சனிக்கிழமை பின்னேரம் கேக் அடித்து, ஞாயிற்றுக்கிழமை அதைப் பெட்டியில் போட்டுக்கொண்டு பிள்ளைகளோடு கடற்கரைக்கோ பூங்காவுக்கோ போய்வருவது தன்னளவிலேயே முழுமையான ஒரு காரியம். அதற்கு விலைச்சீட்டு தேவையில்லை என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

இந்த ஊர்க் கேக்குகளில் நான் முதலிடம் கொடுப்பது லவ் கேக்குக்கு. போர்த்துக்கேயர் விட்டுப்போன சமையலின் வழிவந்ததாகச் சொல்லப்படும் இந்தக் கேக்கில் கோதுமை மாவின் இடத்தை ரவை எடுத்துக்கொள்கிறது. கூடவே நறுக்கிய கஜு, நீற்றுப்பூசணிக்காயைச் சீனிப்பாகில் வேகவைத்து எடுத்த தோசி, பன்னீர், தேன், ஏலம், கறுவா, சாதிக்காய். அளவு வீட்டுக்கு வீடு மாறும். கால் கிலோ ரவைக்குப் பத்துப் பன்னிரண்டு மஞ்சட்கரு என்பது பல வீடுகளின் கணக்கு. ரவையை இலேசாக வறுத்து, சூடு ஆறுமுன் பட்டரில் கலந்து ஊறவிட வேண்டும். மஞ்சட்கருவையும் சீனியையும் நிறம் வெளிறி நுரைத்து வரும்வரை அடிக்க வேண்டும். தட்டின் அடியிலும் பக்கங்களிலும் பழைய பத்திரிகைத் தாளைப் பல மடிப்பாக விரித்து, அதன்மேல் பட்டர் பூசிய ஒயில் பேப்பரைப் போடுவார்கள். மேற்பக்கம் பொன்னிறமாக முறுகும்போது அடிப்பக்கம் கருகாமல் காப்பது அந்தத் தாள்தான். சூடு 150 பாகைக்கு மேல் போகக்கூடாது. ஈர்க்குக் குத்திப் பார்க்கும் வழக்கமான சோதனையும் இங்கே செல்லாது, ஏனென்றால் வெந்த லவ் கேக்கின் நடுப்பகுதி ஈரமாகத்தான் இருக்கும். எப்போது இறக்குவது என்று கண்ணும் மூக்கும் சொல்ல வேண்டும். பலமுறை செய்த கைக்கு மட்டுமே அது பிடிபடும்.

இந்தச் செய்முறைகள் அச்சேறிய கதையும் கொழும்பின் கதைதான். ஹில்டா டியூட்ரம் தொகுத்த சிலோன் டெய்லி நியூஸ் சமையல் நூல் 1929இல் வந்தது. சந்திரா திசாநாயக்கவின் 'சிலோன் குக்கரி' 1968இல் வந்தது. கொழும்பில் பிறந்து 1959இல் அவுஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்ந்த சார்மெய்ன் சாலமன், 1976இல் வெளியிட்ட தமது பெரிய ஆசியச் சமையல் நூலில் இலங்கைச் சமையலை உலகத்தின் முன் வைத்தார். மூன்றும் ஆங்கில நூல்கள். தமிழ் வீடுகளின் கேக் பெரும்பாலும் கொப்பிகளில்தான் வாழ்ந்தது. டின்பால் பேணியால் அளந்த சீனி, யாரோ ஒரு மாமி சொன்ன முட்டைக் கணக்கு, ஓரத்தில் எண்ணெய்க் கறை. அந்தக் கொப்பிகளில் எத்தனை யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து வரும் வழியில் தொலைந்தன என்று நினைத்தால் மனம் கனக்கிறது. ஓவன் இல்லாத காலத்தில் சட்டிக்கு மேலும் கீழும் தணல் போட்டுக் கேக் வேகவைத்தவர்களின் பக்குவம் அந்தப் பக்கங்களில்தான் இருந்தது.

கொட்டாஞ்சேனையில் கேக்கின் காலம் டிசம்பர். புனித லூசியா பேராலயத்தைச் சுற்றியுள்ள ஒழுங்கைகளில் ரிச் கேக் வேலை நத்தாருக்கு வாரங்கள் முன்பே தொடங்கிவிடும். முந்திரிகை வத்தல், இஞ்சித் தோசி, பூசணித் தோசி, செரி எல்லாவற்றையும் பொடிப்பொடியாக வெட்டிப் பிராண்டியில் ஊறவைப்பார்கள். இந்த வெட்டு வேலையில் ஒருவர் மட்டும் உட்கார்ந்தால் முடியாது. வீட்டு ஆண்களும் பிள்ளைகளும் பலகையும் கத்தியுமாகச் சுற்றி உட்காருவார்கள். சுட்ட கேக்கைச் சின்னச் சின்னத் துண்டாக வெட்டித் தாளில் சுற்றி அயலுக்கு அனுப்புவார்கள். தீபாவளிக்கு முறுக்கும் பயற்றம் பணியாரமும் வந்த வீட்டுக்கு நத்தாருக்குக் கேக் போகும்.

வெள்ளவத்தையின் நிலைமை வேறு. இங்கே அடுக்களைகள் தொடர்மாடிகளில் இருக்கின்றன, சில அடுக்களைகளில் இரண்டு பேர் சேர்ந்து திரும்ப முடியாது. வெள்ளிக்கிழமையும் விரத நாள்களும் பார்க்கும் வீடுகள் அதிகம் என்பதால் முட்டை சேராத கேக்குக்குத் தனி மதிப்பு. முட்டை செய்யும் வேலையை டின்பாலும் தயிரும் சோடாவும் பகிர்ந்துகொள்கின்றன. ஓவன் வாங்க வசதியில்லாத வீட்டில் மாரி பிஸ்கட்டைப் பாலில் தோய்த்து, பட்டரும் ஐசிங் சீனியும் கொக்கோவும் குழைத்த கலவையோடு அடுக்கடுக்காக வைத்துக் குளிரவிட்டால் சொக்கலேட் பிஸ்கட் புடிங் தயார். வெக்கையும் கடற்காற்றின் ஈரமும்தான் பெரிய எதிரிகள். பட்டர் ஐசிங் காலி வீதியைக் கடப்பதற்குள் வழியத் தொடங்கும். குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்த பொண்டன்ட் கேக்கின் மேல் காற்றின் ஈரம் படிந்து வியர்க்கும். வெளிநாட்டுக் காணொளியைப் பார்த்துச் செய்து மனம் நொந்தவர்கள் இதை அறிய வேண்டும்: உங்கள் கை பிழைக்கவில்லை, அந்தச் செய்முறை குளிர்ந்த, வறண்ட ஊருக்காக எழுதப்பட்டது.

இந்தப் பொழுதுபோக்கு பெருகியது 2020இல். கொரோனா பரவியதால் அந்த ஆண்டு மார்ச் 20ஆம் திகதி போட்ட ஊரடங்கு கொழும்பில் மே மாத இறுதிவரை நீடித்தது. ஒக்டோபரில் கொட்டாஞ்சேனை, முகத்துவாரம் பக்கம் மறுபடி அடைபட்டது. வீட்டுக்குள் முடங்கியவர்கள் பாண் சுடவும் பணிஸ் உருட்டவும் கற்றார்கள். உலகம் முழுவதும் அப்போது அதுதான் நடந்தது. ஆனால் நமக்கு அடுத்து வந்த அடி பொருளாதார நெருக்கடி. 2021 ஒக்டோபருக்கு முன் 1,500 ரூபாவுக்கும் குறைவாக விற்ற 12.5 கிலோ எரிவாயு சிலிண்டர் 2022 ஏப்ரலில் 4,860 ரூபாவானது. அந்த விலைக்கும் அது கிடைக்காமல் வீதியில் வரிசையில் நின்றோம். அதே ஆண்டு மார்ச் இறுதியில் மின்வெட்டு நாளுக்கு 13 மணித்தியாலம். கோதுமை இந்த நாட்டில் விளைவதில்லை. மா முழுவதும் இறக்குமதித் தானியத்திலிருந்து வருவது, அதனால் டொலர் இல்லாத நாட்டில் மாவும் எட்டாப் பொருளானது. பிறகு முட்டைத் தட்டுப்பாடு. 2023 மார்ச்சில் இந்தியாவிலிருந்து கப்பலில் முட்டை வந்தபோது முதலில் அது பேக்கரிகளுக்கு மட்டுமே என்றார்கள். வீட்டில் கேக் அடிப்பவர்கள் கடை கடையாக அலைந்தார்கள். அதே ஆண்டு பெப்ரவரியில் மின்கட்டணம் 66 வீதம் ஏறியது. வீட்டு ஓவன் 1,500 முதல் 2,000 வாட் வரை இழுக்கும். ஒருமுறை சூடேற்றினால் இரண்டு மூன்று தட்டுகளை அடுத்தடுத்து வேகவைத்து முடிக்கும் பழக்கம் அப்போதுதான் பல வீடுகளில் வந்தது.

அந்த வருடங்களில்தான் எத்தனையோ பெண்கள் ஓடர் எடுக்கத் தொடங்கினார்கள். சம்பளம் பாதியான வீட்டில் பிறந்தநாள் கேக்கும் சாமத்திய வீட்டு அடுக்குக் கேக்கும் பள்ளிக்கூடக் காசாகவும் வாடகையாகவும் மாறின. அவர்கள் மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. இரவு இரண்டு மணிவரை ஐசிங் பூக்களைப் பிழிந்துவிட்டுக் காலை ஆறு மணிக்குப் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பியவர்கள் அவர்கள். அந்த உழைப்புக்கு நாம் பேரம் பேசாமல் விலை கொடுக்க வேண்டும். தேவை தள்ளியதால் தொழிலுக்குப் போனவர்களைப் பார்த்துவிட்டு, தேவையில்லாதவரையும் அந்தப் பக்கம் தள்ளுவதைத்தான் நான் மறுக்கிறேன். ஓடர் வந்தால் வாடிக்கையாளர் கேட்ட நிறம், கேட்ட பொம்மை, கேட்ட நேரம் என்றாகிவிடும். சோதித்துப் பார்க்கும் சுதந்திரம் முதலில் போகும்.

அந்தச் சுதந்திரத்தில்தான் நல்லவை பிறக்கின்றன. மா விலை ஏறியபோது குரக்கன் மாவைக் கேக்கில் கலந்து பார்த்தவர்கள் உண்டு. முழுவதும் குரக்கன் என்றால் உதிர்ந்துவிடும், மூன்றில் ஒரு பங்கு என்றால் தாங்கும். சீனிக்குப் பதில் பனங்கட்டியைச் சீவிப் போட்டால் நிறம் கறுத்து, ஈரம் கூடி, மேற்பக்கம் சீக்கிரம் கருகும். சூட்டைக் குறைத்து நேரத்தைக் கூட்டினால் வரும் மணம் எந்த எசன்ஸ் போத்தலிலும் இல்லை. இராசவள்ளிக்கிழங்கை அவித்து மசித்துச் சேர்த்தால் சாயமே தேவைப்படாத ஊதா நிறம். தேங்காய்ப்பூவும் பாணியும் ரவையும் சேரும் சிங்கள வீடுகளின் பிபிக்கனைப் பனங்கட்டிப் பாகில் செய்து பாருங்கள். இவற்றில் எதையும் யாரும் ஓடர் தந்து கேட்கப்போவதில்லை.

கேக் ஆறியபின் அதை எந்த நாளில், எங்கே கொண்டுபோவது? நமது நாட்டில் வார இறுதிக்கே ஒரு வரலாறு இருக்கிறது. 1966 முதல் 1971 வரை இங்கே சனியும் ஞாயிறும் விடுமுறை இல்லை. சந்திரனின் கலையைப் பின்பற்றிப் போயா நாளும் அதற்கு முந்திய நாளும் வார விடுமுறையாக இருந்தன. சில வாரங்களில் வேலை நாள்கள் ஒன்று கூடவும் செய்யும். உலக வணிகத்தோடு ஒத்துவராமல் அந்த ஏற்பாடு கைவிடப்பட்டது, முழுமதி நாள் விடுமுறை மட்டும் தங்கிவிட்டது. ஆகவே மாதத்தில் ஒருநாள் நமக்கு அதிகம். அதை வீட்டு வேலையில் கரைத்துவிடுவது பெரிய நட்டம்.

வெள்ளவத்தை ரயில் நிலையத்தில் நின்றால் தண்டவாளத்துக்கு அடுத்து கடல்தான். தெற்கே போகும் ரயிலில் ஏறினால் தெஹிவளை, கல்கிசை, பாணந்துறை, களுத்துறை என்று பெரும்பாலும் அலையோரமாகவே போகலாம். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றில் கடல் கொந்தளிக்கும், ஆகவே தண்ணீரில் இறங்க ஏற்றது டிசம்பர் முதல் மார்ச் வரை. கொட்டாஞ்சேனைக்காரருக்கு நீர்கொழும்பு பக்கம். வெள்ளவத்தையையும் கொட்டாஞ்சேனையையும் இணைக்கும் 155 பஸ்ஸில் ஏறி இரண்டு பக்க உறவுகளும் நடுவில் சந்திப்பதும் ஓர் உலாதான். பலர் கவனிக்காத இன்னொன்று சதுப்பு நிலங்கள். 2018இல் ராம்சார் சாசனத்தின் கீழ் முதன்முதலாக ஈரநில நகரங்களாக ஏற்கப்பட்ட 18 நகரங்களில் கொழும்பும் ஒன்று. பெத்தகான பூங்காவின் மரப்பலகைப் பாதையில் காலையில் நடந்தால் நீர்க்காகமும் கொக்கும் கபரகொய்யாவும் கண்ணில் படும். தொடர்மாடியில் வளரும் பிள்ளைக்கு இதைவிட நல்ல வகுப்பு வேறில்லை.

உலாவுக்குப் போகும் கேக்கையும் பார்த்துத் தெரிய வேண்டும். கிரீம் பூசியது கூடாது, கல்கிசை வருமுன் குழம்பிவிடும். பட்டர் கேக், லவ் கேக், பழக் கேக் ஆகியவை பெட்டியில் குலுங்கினாலும் உருக்குலையாதவை. லவ் கேக் செய்த மறுநாளே சுவை கூடும். கேக்கோடு சீனிச்சம்பல் பணிஸும் கொஞ்சம் இருந்தால் நல்லது, கடற்காற்றில் இனிப்பு மட்டும் போதாது.

காலிமுகத்திடலில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. ஆளுநர் சேர் ஹென்றி வார்ட் 1856இல் தொடங்கி 1859இல் முடித்த அந்த நடைபாதையை, கொழும்பின் பெண்களினதும் பிள்ளைகளினதும் நன்மைக்காகப் பேணும்படி தமக்குப் பின் வருவோரிடம் கேட்டுக்கொள்ளும் கல்வெட்டு அது. அன்று அவர் நினைத்த பெண்கள் வேறு வகுப்பினராக இருந்திருக்கலாம். ஆனால் பெண்களின் ஓய்வுக்கென்று இந்த நகரம் கல்லில் எழுதிவைத்த இடம் எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான். இன்றைக்கும் ஞாயிறு மாலையில் அங்கே பட்டம் விடுவதும் இறால் வடை வாங்குவதும் ஆண்களும் பிள்ளைகளும்தான் அதிகம். அம்மாமார் பலர் பையையும் செருப்பையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். உலாவுக்கு முதல்நாள் சமைத்தவர்களும் அவர்கள்தான், திரும்பிவந்து பெட்டிகளைக் கழுவப்போகிறவர்களும் அவர்கள்தான். அப்படியானால் அந்த உலா அவர்களுக்கு இன்னொரு வேலை நாள்.

ஆகவே வாசகர்களிடம் கேட்பது இவ்வளவுதான். உங்கள் வீட்டில் கேக் அடிப்பவர் இருந்தால், தட்டையும் பீட்டரையும் கழுவும் வேலையை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டிலிருந்து ஒரு துண்டு வந்தால் விலை விசாரிக்காமல் செய்முறையைக் கேட்டு எழுதி வையுங்கள். அம்மாவின் பழைய கொப்பி அலுமாரியில் இருந்தால் இன்றைக்கே பக்கம் பக்கமாகப் படம் எடுத்து வையுங்கள். அடுத்த போயாவுக்குக் கேக் அடிப்பவரையும் கூட்டிக்கொண்டு ரயில் ஏறுங்கள், பையை நீங்கள் தூக்குங்கள்.