தூக்காமல் தாங்குவோம்

சாலையில் ஒருவர் பைக்கிலிருந்து விழுந்து கிடக்கிறார். நொடியில் கூட்டம் கூடிவிடுகிறது. ஒருவர் கையையும் மற்றவர் காலையும் பிடித்துத் தூக்க, இன்னொருவர் தலையை நிமிர்த்தித் தண்ணீர் புகட்ட, வந்த ஆட்டோவில் அவரை மடக்கி உட்கார வைத்து அனுப்பிவிடுகிறோம். நல்ல மனதோடுதான் செய்கிறோம். ஆனால் அவருக்கு முதுகெலும்பில் அடிபட்டிருந்தால், நமது இந்த அவசரமே அவரை வாழ்நாள் முழுவதும் படுக்கையில் கிடத்திவிடக்கூடும்.

முதுகெலும்பு என்பது ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய சிறு எலும்புகளின் வரிசை. அதனுள்ளே செல்லும் தண்டுவடம்தான் மூளையின் கட்டளைகளைக் கை கால்களுக்குக் கொண்டு செல்கிறது. எலும்பு முறிந்தும் தண்டுவடம் தப்பியிருக்கலாம். அந்நிலையில் கழுத்தைத் திருப்பினாலோ உடலை மடக்கினாலோ, விலகிய எலும்பு தண்டுவடத்தை நசுக்கிவிடலாம். முற்றிலும் சிதைந்த தண்டுவடத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவரும் மருத்துவம் இன்றும் இல்லை.

பனை, தென்னை மரத்திலிருந்தோ மாடியிலிருந்தோ விழுந்தவர், ஆழமற்ற நீரில் தலைகீழாகக் குதித்தவர், விபத்தில் தூக்கி எறியப்பட்டவர் ஆகியோருக்கு இந்தக் காயம் ஏற்பட்டிருக்க வாய்ப்புண்டு. கழுத்திலோ முதுகிலோ வலி, கை கால் மரத்துப்போதல், அசைக்க இயலாமை, தன்னையறியாமல் சிறுநீர் போதல் ஆகியவை இதன் அடையாளங்கள். நினைவிழந்திருந்தால், காயம் உண்டு என்றே கொள்வோம்.

முதலில் 108-ஐ அழைப்போம். அவருடைய கண்ணுக்கு நேரே நின்று, அசைய வேண்டாம் என்று சொல்வோம். பின்னாலிருந்து கூப்பிட்டால் அவர் தலையைத் திருப்பிவிடுவார். தலைமாட்டில் முழங்காலிட்டு, இரு கைகளாலும் தலையின் இருபுறமும், அது கிடந்த நிலையிலேயே பிடித்துக்கொள்வோம். கோணியிருக்கும் கழுத்தை நேராக்க வேண்டாம். மூச்சுக்குத் தடையாக இருந்தாலன்றித் தலைக்கவசத்தைக் கழற்ற வேண்டாம். குடிக்க எதுவும் கொடுக்க வேண்டாம். இரத்தம் வழிந்தால், சுத்தமான துணியால் அழுத்திப் பிடிப்போம்.

ஆனால் எல்லாவற்றிற்கும் முதன்மையானது மூச்சு. அது நின்றுவிட்டால், மார்பின் நடுவே நிமிடத்திற்கு 100 முதல் 120 முறை வலுவாக அழுத்த வேண்டும். வாந்தி எடுத்தால், மூன்று நான்கு பேர் சேர்ந்து, தலையும் கழுத்தும் உடலும் ஒரே கோட்டில் இருக்க, மரக்கட்டையைப் புரட்டுவதுபோல் ஒருசேரப் பக்கவாட்டில் திருப்ப வேண்டும். தீ, வெள்ளம் போன்ற ஆபத்து இருந்தால் மட்டுமே இடம் மாற்றலாம்.

போலீஸ், வழக்கு என்ற அச்சத்தால் ஒதுங்கிச் செல்வோரும் நம்மிடையே உண்டு. சாலை விபத்தில் நல்லெண்ணத்தோடு உதவுவோருக்கு 2019-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் பாதுகாப்பு அளிக்கிறது. அவர்களுக்கு அச்சட்டம் இட்டுள்ள பெயர், நாம் நன்கறிந்த நல்ல சமாரியர் என்பதே.

உவமையில் வரும் சமாரியர் அருகில் சென்றார், காயங்களைக் கட்டினார், தம் விலங்கின்மேல் ஏற்றிச் சென்றார். இன்று ஏற்றிச் செல்ல ஆம்புலன்ஸ் வருகிறது. அதுவரை விலகாமல் அருகிலிருப்பதே நம் பங்கு. முன்பின் அறியாத ஒருவரின் தலையை, கொதிக்கும் சாலையோரத்தில் சில நிமிடங்கள் அசையாமல் பிடித்திருப்பது சிறிய செயல்தான். அவர் தம் சொந்தக் கால்களால் நடந்து வீடு திரும்ப அதுவே காரணமாகலாம்.