பஸ் எங்கே வருகிறது?

ஓர் இன்டர்வியூவுக்குக் கிளம்பிய அன்று மொபைல் மேப் 8.40-க்கு பஸ் என்றது. நம்பி நின்றேன். 9.20 வரை வரவில்லை; வேலை போச்சு! சாஃப்ட்வேர் படித்த எனக்கே அது வெறும் டைம்டேபிள் என்று அப்போது உறைக்கவில்லை.

மேப்களுக்குப் பஸ் நேரம் பெரும்பாலும் ஜிடிஎஃப்எஸ் என்ற ஃபார்மெட்டில் போகிறது. 2005-ல் அமெரிக்காவின் போர்ட்லாண்ட் நகரில் பிறந்தது. பெயரைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள். ஒரு ஜிப் ஃபைலுக்குள் சில டெக்ஸ்ட் ஃபைல்கள், அவ்வளவுதான். நோட்பேடிலேயே திறக்கலாம்! ஒன்றில் நிறுத்தங்கள், இன்னொன்றில் நேரங்கள். பஸ் சிக்னலில் மாட்டிக்கொண்டது இவற்றுக்குத் தெரியாது. பஸ்சிலுள்ள ஜிபிஎஸ் கருவி சொன்னால்தான் உண்டு.

சென்னைவாசிகளுக்கு இந்த வசதியோடு 2025-ல் 'சென்னை ஒன்' ஆப் வந்தது. செருப்பை மாட்டுமுன் உங்கள் பஸ் மேப்பில் நகர்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.