டிஸ்சார்ஜ் சீட்டைப் படிச்சுப் பார்த்தீங்களா?

புதுச்சேரி பஸ் ஸ்டாண்டிலிருந்து திண்டிவனம் ரோட்டில் வந்தால் கோரிமேடு. பஸ் நின்றதும் பாதிக் கூட்டம் 'ஜிப்மர்' என்று இறங்கிவிடும். கையில் ஒரு பை, உள்ளே எக்ஸ்ரே, ரத்தப் பரிசோதனைச் சீட்டுகள், பழைய பைல். 1823ல் பிரெஞ்சுக்காரர்கள் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வழியில் வந்து, 1964ல் ஜிப்மர் ஆன ஆஸ்பத்திரி இது. டாக்டர்கள் மட்டுமில்லை, நோயாளிகளின் பதிவேடுகளைப் பராமரிக்கும் மெடிக்கல் ரெக்கார்டு ஊழியர்களும் இங்கே பயிற்சி பெற்றிருக்கிறார்கள். அவர்கள் செய்யும் வேலையைப் பற்றித்தான் இன்றைக்கு உங்களிடம் பேசப் போகிறேன்.

நீங்கள் டிஸ்சார்ஜ் ஆகி வீட்டில் ரசம் சாதம் சாப்பிடும் நேரத்தில், உங்கள் பைல் பதிவேட்டுப் பிரிவுக்குப் போயிருக்கும். டாக்டர் எழுதிய நோயின் பெயரைப் பார்த்து அங்கே ஓர் எண் போடுவார்கள். உலக சுகாதார நிறுவனம் வெளியிடும் பட்டியல் அது. ஆரம்பித்து வைத்தவர் 1893ல் பெர்த்தியோன் என்ற பாரீஸ்காரர். பதினோராம் பதிப்பு 2022ல் நடைமுறைக்கு வந்துவிட்டது; நம் ஊரில் பல இடங்களில் இன்னும் பத்தாம் பதிப்புதான்.

அதில் பூஞ்சை நோய்களுக்கு பி 35 முதல் பி 49 வரை. தொடையிடுக்கில் அரித்து எடுக்குமே படர்தாமரை, அது பி 35. குழந்தையின் வாயில் வெள்ளை படிவது பி 37.0. அதே கேண்டிடா பூஞ்சை ரத்தத்தில் பரவி உயிருக்கு உலை வைத்தால் பி 37.7. புள்ளிக்குப் பிறகு ஓர் எண்தான் வித்தியாசம்!

சர்க்கரை எகிறியவர்களின் சைனஸைத் தாக்கும் பூஞ்சைகளில் இரண்டு முக்கியம். ஆஸ்பெர்ஜில்லஸ் பி 44, மியூகோர் பி 46. முதலாவதற்குக் கொடுக்கும் வோரிகோனசோல் இரண்டாவதை ஒன்றும் செய்யாது. மியூகோருக்கு ஆம்போடெரிசின் ஊசி வேண்டும், அழுகிய சதையை ஆபரேஷனில் எடுக்கவும் வேண்டும். எது என்பதை, எடுத்த சதைத் துணுக்கை மைக்ரோஸ்கோப்பில் பார்த்துச் சொல்வார்கள். சீட்டில் வெறுமனே 'பூஞ்சைத் தொற்று' என்று மட்டும் இருந்தால்? எண் போடுபவர் ஊகிக்க முடியாது. பி 49 போடுவார். 'இன்னதென்று குறிப்பிடாத பூஞ்சை' என்று அர்த்தம். நாளைக்கு வேறு ஊரில் உங்களைப் பார்க்கும் டாக்டருக்கு அதனால் என்ன உபயோகம், சொல்லுங்கள்?

2021 மே மாதத்தை மறந்திருக்க மாட்டீர்கள். கொரோனா இரண்டாவது அலையோடு 'கருப்புப் பூஞ்சை' வந்தது. (பூஞ்சை கருப்பில்லை; ரத்தக் குழாய் அடைத்து, செத்துப்போன சதைதான் கருப்பு.) யாருக்கு வந்தாலும் அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோயாகத் தமிழக அரசு இதை அறிவித்தது. மே 22ந் தேதி மத்திய அரசு மாநிலங்களுக்கு 23,680 ஆம்போடெரிசின் வயல்களைக் கூடுதலாக ஒதுக்கியது. எதை வைத்து? நோயாளிகளின் எண்ணிக்கையை வைத்து. நாடு முழுக்க சுமார் 8,848 பேர். வகுத்துப் பாருங்கள், ஆளுக்கு மூன்றுகூட வரவில்லை. அறுபது கிலோ எடையுள்ளவருக்கு ஒரு நாளைக்கே ஆறு வயல் வரை போகும் மருந்து அது! நோயின் பெயர் சரியாக எழுதப்படாத நோயாளி அந்தக் கணக்கில் எப்படி வருவார்?

இன்ஷூரன்ஸ் படிவத்திலும் ஆஸ்பத்திரி நிரப்பும் பகுதியில் இந்த எண்ணுக்கென்றே கட்டம் உண்டு.

அதனால் வார்டை விட்டுக் கிளம்புவதற்கு முன் சீட்டை ஒரு தடவை படியுங்கள். பூஞ்சையின் பெயர், எந்த உறுப்பில், எந்தப் பரிசோதனையில் உறுதியானது, என்ன மருந்து எத்தனை நாள் என்று இருக்கிறதா? சர்க்கரை நோய் உண்டென்றும், ஸ்டீராய்டு சாப்பிட்டதும் எழுதியிருக்கிறதா? சர்க்கரைக்கும் தனி எண் உண்டு. விட்டுப்போயிருந்தால், "டாக்டர், இதையும் எழுதிடுங்க" என்று பணிவாகக் கேளுங்கள், தப்பே இல்லை. பயாப்ஸி ரிப்போர்ட்டை ஜெராக்ஸ் எடுத்து வையுங்கள்.

சர்க்கரை உள்ளவருக்கு ஒரு பக்க முகம் வீங்கி வலிக்கிறதா, மூக்கில் ரத்தமோ கருப்புப் பொருக்கோ வருகிறதா, பல் ஆடுகிறதா, பார்வை இரண்டாகத் தெரிகிறதா? ஆவி பிடித்துப் பார்க்கலாம் என்று உட்காராதீர்கள். அன்றைக்கே காது, மூக்கு, தொண்டை டாக்டரிடம் போங்கள். அந்தப் பழைய பைலும் கையோடு இருக்கட்டும்.